நேயர் விருப்பம் பாதியில் நின்ற நாள்

போன மாதம் ஒரு நாள் காலை, எங்கள் ஊர் வானொலியில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அது நின்று வீணை வந்தது. அது முடிந்ததும் இன்னொரு வீணை. நடுவில் ஒரு அறிவிப்பும் இல்லை. நான் அடுப்பை அணைத்தேன். வெளியே போயிருந்த என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அது பக்கத்து அறையிலேயே அடித்தது. வைத்துவிட்டுப் போயிருக்கிறார். உடனே நிலையத்துக்குப் போட்டேன். எடுத்தது நிஷாந்தி. நான் ஓய்வு பெற்ற பிறகு அறிவிப்பாளராகச் சேர்ந்த பெண்.

யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. கம்ப்யூட்டர் மாட்டிக்கொண்டதாம். பாட்டு வரிசை குழம்பி, வாத்திய இசையையே திரும்பத் திரும்ப எடுத்துப் போடுகிறதாம். ஆள் வந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றாள். "வேற யாரும் கூப்பிடலயே மேடம், நீங்க மட்டுந்தான்."

என் குரல் நடுங்கியதை அவள் கவனித்திருக்கிறாள். மறுநாள் அவளே கூப்பிட்டு நிலையத்து மலருக்கு ஒரு கட்டுரை கேட்டாள். 'இனிய நினைவுகள்' என்று தலைப்பாம். இனிய நினைவு என்னிடம் கையிருப்பு இல்லை, பயந்த கதைதான் இருக்கிறது என்றேன். அதையே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டாள். கேட்டு வாங்கிக்கொண்டாள், படிக்கட்டும்.

நான் முதலியார்பேட்டைக்காரி. பெயர் பிலோமினா. பள்ளிக்கூட நாளிலேயே ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் வாசிப்பேன். கடைசி வரிசையில் கைப்பிள்ளையோடு நிற்கிறவளுக்கும் கேட்க வேண்டும், ஆனால் கத்தக் கூடாது என்று கன்னியர் மடத்து மதர் நிற்கவைத்துப் பழக்கினார். அந்தப் பழக்கம்தான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. குரல் தேர்வு, பயிற்சி எல்லாம் சட்டுபுட்டென்று முடிந்தன. முதல் நாள் நான் ரேடியோவில் வணக்கம் சொன்னதை, பிரெஞ்சுக்காரர் காலத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த என் அப்பா கேட்டுவிட்டு, "த்ரே பியான்" என்றார். ரொம்ப நல்லது என்று அர்த்தம். அதற்குமேல் பாராட்டி அவருக்குப் பழக்கமில்லை.

உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, அது பயத்திலேயே நடக்கிற வேலை என்று. தும்மல் வந்துவிடுமோ என்று பயம். விக்கல் வந்துவிடுமோ என்று பயம். இசைத்தட்டு கீறலில் மாட்டிக்கொண்டு சொன்னதையே சொல்லுமோ என்று பயம். எல்லாவற்றுக்கும் மேலே ஃபேடர் பயம். மைக்கைத் திறந்து மூடுகிற குமிழுக்கு ஃபேடர் என்று பெயர். எனக்கு முன்னால் இருந்த ஒருவர் அதை மூட மறந்துவிட்டு, மாமியார் வைத்த குழம்பைப் பற்றிப் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லியிருக்கிறார். புதுச்சேரி முழுக்கக் கேட்டது. மாமியாரும் கேட்டார். அந்த மனுஷன் அன்று வீட்டுக்குப் போக எப்படித் தயங்கியிருப்பார் என்று நினைத்துச் சிரிப்போம். ஆனால் சிரித்துக்கொண்டே எல்லாருடைய கையும் ஃபேடரைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும்.

எங்கள் ட்யூட்டி ஆபீசர் சௌந்தரராஜன் சார். ஒலிபரப்பு நடக்கிற நேரத்தில் அங்கே அவர் சொன்னதுதான் சட்டம். மெலிந்த ஆள், மெதுவான பேச்சு. ஸ்டூடியோ வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும். உள்ளே வந்தால் உட்காரவே மாட்டார். நாற்காலி காலியாகக் கிடந்தாலும் நம் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டே இருப்பார். நல்லா பேசினீர்கள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. தப்பு செய்தால் மட்டும், "இன்னிக்கு மறந்துட்டீங்க போல" என்பார். அதற்குப் பதில் இரண்டு அறை கொடுத்திருக்கலாம்.

அவர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, சிவப்பு விளக்கு எரியும்போது எவரும் ஸ்டூடியோ கதவைத் திறக்கக் கூடாது. இரண்டு, போட்ட பாட்டை நடுவில் வெட்டக் கூடாது. நேயர் ஒருவர் கார்டு எழுதிப் போட்டு, வாரக்கணக்கில் காத்திருந்து கேட்கிற பாட்டு அது. இடியே விழுந்தாலும் முழுசாகப் போய்ச் சேர வேண்டும் என்பார். எங்களுக்கு அது வேதவாக்கு.

இசைத்தட்டு அறையில் மூன்று அலமாரிகள் இருந்தன. முதல் இரண்டும் எப்போதும் திறந்தே கிடக்கும். மூன்றாவதுக்குப் பூட்டு உண்டு. சாவி சாரிடம் இருக்கும். அதற்குள் வீணை, ஷெனாய், சாரங்கி என்று வாத்தியத் தட்டுகள் மட்டும். பெரிய தலைவர்கள் யாராவது இறந்தால் போடுவதற்கு.

நிஷாந்தி வயதுக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் சாவுச் செய்தி எடுத்த எடுப்பில் வராது. மேலிடத்திலிருந்து முறையாக உத்தரவு வந்த பிறகுதான் செய்தியில் சொல்வார்கள். அதற்கு முன்பே பாட்டை நிறுத்திவிடுவோம். வீணை வரும். காரணம் சொல்ல மாட்டோம். ஜனங்களுக்குச் சொல்லவும் வேண்டாம். ஆஸ்பத்திரியில் யார் இருக்கிறார் என்று ஊருக்கே தெரியும். வீணை கேட்டதும் கடைக்காரர் ஷட்டரை இறக்குவார், பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பார்கள், பஸ்காரர்கள் ஷெட்டைப் பார்க்க ஓட்டுவார்கள். அழுகிறவர்கள் அழுவார்கள். அதைச் சாக்காக வைத்துக் கல்லெடுக்கிறவர்களும் வருவார்கள். முதல் கல் எப்போதும் பஸ்மேல்தான் விழும்.

என் வீட்டுக்காரர் லூர்து பஸ் டிரைவர். தனியார் வண்டி. புதுச்சேரியிலிருந்து காலாப்பட்டு வழியாக மரக்காணம் போய்த் திரும்பும். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். பெரியவன் வயிற்றில் இருந்தான். அந்த மூன்றாவது அலமாரி என்னை எவ்வளவு பயமுறுத்தியிருக்கும் என்று இப்போது புரியும். மற்றவர்களும் அதன் பக்கம் போக மாட்டார்கள். தொட்டால் யாராவது போய்விடுவார்களாம். நான் அந்த அறைக்குள் போனால் சுவரை ஒட்டி நடந்து தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

அப்போது பெரிய தலைவர் ஒருவர் மெட்ராஸில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பெயர் வேண்டாம். இருக்கிறார் என்பார்கள், இல்லை என்பார்கள், மறுபடி இருக்கிறார் என்பார்கள். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் மதியம் நான் ட்யூட்டிக்குப் போனபோது மூன்றாவது அலமாரி திறந்திருந்தது. சார் நின்றபடியே ஒரு வெல்வெட் துணியால் தட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். அடுத்த தட்டை எடுத்தார்.

அன்று நேயர் விருப்பம் என் பொறுப்பு. பாட்டைச் சொல்லி, அதைக் கேட்டவர்களின் பெயர்களையும் ஊர்களையும் வாசிக்க வேண்டும். காலாப்பட்டு, ரெட்டியார்பாளையம், வில்லியனூர் என்று வாசித்துக்கொண்டே போனேன். இரண்டு பாட்டு நல்லபடியாகப் போனது. மூன்றாவது பாட்டுக்குப் பாதிப் பெயர்களை வாசித்து, மீதியைப் பாட்டு முடிந்ததும் வாசிக்கிறேன் என்று சொல்லித் தட்டை ஓடவிட்டேன். ஃபேடரை மூடினேன்.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவு திறந்தது. திறந்தவர் சார். காலில் செருப்பு அப்படியே இருந்தது. கையில் நான்கு தட்டுகள்.

"மெட்ராஸ்லேந்து போன் வந்துடுச்சி. முடிஞ்சிடுச்சாம். நியூஸ்ல அவங்க சொல்ற வரைக்கும் நாம வாயத் திறக்கக் கூடாது. இந்தப் பாட்டு முடிஞ்சதும் வீணை போட்டுடுங்க."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். லூர்து வண்டி மரக்காணத்திலிருந்து திரும்பிக் காலாப்பட்டுப் பக்கம் வந்திருக்கும். அங்கிருந்து ஊருக்குள் வர வேண்டும். அந்த ரோடு முழுக்கக் கல் கிடக்கிறது என்பதுதான் அப்போது என் கண்ணில் நின்றது. ரோடு போடுவதற்குக் குவித்து வைத்த ஜல்லி.

"சார், கொஞ்ச நேரம் கழிச்சிப் போடலாம் சார். அவரு வண்டியில இருக்காரு. வீட்டுக்கு வந்துடட்டும்."

நான் அவரிடம் எதையும் கேட்டதில்லை. லீவுகூடக் கெஞ்சிக் கேட்டதில்லை. அன்றைக்குக் கை கூப்பிவிட்டேன். அவர் சுற்றுகிற தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எங்கே இருப்பார் என்று கேட்டார். காலாப்பட்டு என்றேன்.

"நாம தள்ளிப் போட்டா சேதி நிக்காதும்மா. மெட்ராஸ் பஸ்ஸுல வந்துக்கிட்டேதான் இருக்கும். அந்த ரோட்டுலதான் வரும்."

பாட்டில் இன்னும் ஒரு சரணம் பாக்கி இருந்தது. இருவரும் அது முடியட்டும் என்று நின்றோம். மழையில் ஆடிப் பாடுகிற சந்தோஷமான பாட்டு. அதைவிட நீளமான பாட்டை நான் என் வாழ்க்கையில் கேட்டதில்லை.

பாட்டு முடிந்தது. ஃபேடரைத் திறந்தேன். அன்பு நேயர்களே என்று சொல்லக் கூடாது, வணக்கம் கூடாது, மீதிப் பெயர்களும் கூடாது. "நிகழ்ச்சியில் மாற்றம். அடுத்து வீணை இசை." அவ்வளவுதான் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே என்மேல் கோபம் வருகிறது, புருஷன் ரோட்டில் இருக்கும்போது எப்படி நடுங்காமல் இருந்தது என்று.

ஸ்டூடியோவுக்கு இரட்டைக் கதவு. வெளிச்சத்தம் ஒரு பொட்டு வராது. வெளியே ஊர் மூடிக்கொண்டிருந்தது, எனக்குக் கேட்டது வீணை மட்டும். டெலிபோன் விளக்கு விட்டுவிட்டு மின்னியது. எடுத்தால், "போயிட்டாராம்மா?" என்பார்கள். நிகழ்ச்சியில் மாற்றம் என்பேன். ஒரு அம்மாள் மறுமுனையில் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டார். அவரிடமும் நிகழ்ச்சியில் மாற்றம் என்று சொல்லி வைத்தேன்.

அட்டெண்டர் கோவிந்தன்தான் வெளியே போய்ப் போய்ச் சேதி கொண்டுவந்தார். கடையெல்லாம் மூடியாயிற்று என்றார். அடுத்த முறை வந்தபோது ரெட்டியார்பாளையத்தில் ஒரு பஸ் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள் என்றார். அதற்கடுத்த முறை வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாரிடம் போய்க் காதில் சொன்னார். எனக்குக் கேட்டுவிட்டது. காலாப்பட்டு ரோட்டில் ஒரு வண்டியை மறித்துக் கொளுத்திவிட்டார்களாம்.

என்ன வண்டி என்று யாருக்கும் தெரியவில்லை. என் முன்னால் மைக் இருந்தது. அந்த ரோட்டில் எத்தனை டீக்கடை உண்டோ அத்தனையிலும் ரேடியோ உண்டு. வண்டியை ஓரம் கட்டிவிட்டு எங்கேயாவது உள்ளே போய்விடுங்கள் என்று நான் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் காதில் விழும். என் விரல் ஃபேடரின்மேல் இருந்தது. சாரின் கை என் நாற்காலி முதுகின்மேல் இருந்தது. அவர் தடுக்கவில்லை. வாயில் கிராம்பைக் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. நான் சொன்னால் லூர்து மட்டுமா கேட்பார்? ஊரே கேட்டு அலறி ஓடும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ரோட்டில் இருக்கிறார்கள். விரலை எடுத்துவிட்டு அடுத்த தட்டை மாற்றினேன். மாதாவே, மாதாவே என்று மட்டும் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் செய்தி வந்தது, ஊர் அழுதது, எனக்கு அடுத்த ட்யூட்டிக்காரர் வர முடியாமல் நானே தொடர்ந்தேன். அந்த இரவைப் பற்றி எழுதத் தெம்பில்லை. விடிந்தபின் கோவிந்தன் வந்து, "மேடம், கேட்டாண்ட உங்க வீட்டுக்காரரு" என்றார். நான் எழுந்தது ஞாபகமில்லை. வாசலில் லூர்து நின்றார். பேன்ட் முழங்கால் வரைக்கும் நனைந்து மணல் ஒட்டியிருந்தது. கடற்கரையோடு மீனவர் குப்பம் குப்பமாக நடந்தே வந்திருக்கிறார். நான் அவர் தலை, கை, முதுகு என்று தடவித் தடவிப் பார்த்தேன். எங்கும் ஒன்றும் இல்லை. அதற்கப்புறம்தான் அழுதேன்.

வண்டி எங்கே என்று கேட்டேன். காலாப்பட்டில் ஒரு கோயில் காம்பவுண்டுக்குள் விட்டுக் கேட்டைப் பூட்டி, ஜனங்களை உள்ளே உட்காரவைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். டீ குடித்துக்கொண்டிருந்தாராம். கடையில் நேயர் விருப்பம் ஓடிக்கொண்டிருந்ததாம்.

"நீ பேர் படிக்கிறத பாதியில வுட்டுட்டுப் போயிட்ட. நீ பாதியில வுடற ஆளு இல்ல. வீணை வர்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிடுச்சி. கண்டக்டர், ஊருக்குள்ள ஓடிடலாம்ணேன்னான். நான்தான் எடுக்கல."

நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். நான் கேட்டபடி சார் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தால், இவர் டீயைக் குடித்து முடித்து வண்டியை எடுத்திருப்பார். மறித்த இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்திருப்பார். இவரைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் கை கூப்பிக் கேட்டது அதைத்தான். சொன்னேன். அவர் என் தலையில் கையை வைத்தார்.

கதை இதோடு முடிந்திருந்தால் இனிய நினைவு என்றே எழுதியிருப்பேன். கொளுத்தப்பட்டது அவருக்கு முன்னால் கிளம்பிய வண்டி. நாங்கள் அந்தச் சரணம் முடியட்டும் என்று நின்றுகொண்டிருந்தபோது, அதே டீக்கடையிலிருந்து அந்தப் பாட்டைக் கேட்டபடியே எழுந்து போனவர் அதன் டிரைவர். ஜனங்களை எல்லாம் இறக்கிவிட்டுக் கடைசியாக இறங்கினார். அதற்குள் கண்ணாடி உடைந்து கண்ணில் பட்டுவிட்டது. ஒரு கண் போயிற்று. லூர்துவும் நானும் பார்க்கப் போனோம். அவர் சம்சாரம் எனக்குக் காபி கொடுத்தாள். டம்ளரை வாங்கும்போது கேட்டாள்.

"கொஞ்சம் முன்னாடி போட்டிருக்கக் கூடாதாக்கா?"

கோபமாகக் கேட்கவில்லை. சும்மா கேட்டாள். நான் காபியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாட்டை நடுவில் வெட்டக் கூடாது என்று ஒரு சட்டம் இருக்கிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

சார் ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, சால்வை போர்த்தி எல்லாம் ஆயிற்று. நான் தனியாகப் போய், அன்றைக்கு எப்படி சார் அவ்வளவு உறுதியாக நின்றீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் பார்த்த ஒரே சிரிப்பு அது.

"உறுதியாவா? எனக்கு எப்பவும் பயந்தாம்மா. உட்கார்ந்தா கால் ஆடும், நீங்கள்லாம் பாத்துடுவீங்க. அதான் நின்னுக்கிட்டே இருப்பேன்."

அந்தப் பாட்டைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவருக்கும் அது உள்ளே இருந்தது என்றே நினைக்கிறேன். அந்த நாளுக்குப் பிறகு, அவர் வேலையில் இருந்தவரைக்கும் எங்கள் நேயர் விருப்பத்தில் அந்த மழைப் பாட்டு வரவே இல்லை.

போன மாதத்துக்கு வருகிறேன். நிஷாந்தியிடம் பேசிவிட்டு நான் போனை வைத்தேன். கம்ப்யூட்டர் கோளாறு, வேறு ஒன்றுமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். கேட் படாரென்று திறந்தது. லூர்து வந்தார். எழுபதைத் தாண்டிய மனுஷன், மூச்சிரைக்க ஓடி வந்திருக்கிறார். கழுத்தில் சலூன்காரருடைய வெள்ளைத் துணி. ஒரு பக்கக் கன்னம் மழித்திருந்தது, இன்னொரு பக்கம் சோப்பு நுரை அப்படியே இருந்தது.

"வீணை போட்டுட்டாங்க. வந்துட்டேன்."

சொல்லிக்கொண்டே உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டார். அது கம்ப்யூட்டர் தவறு, நிலையத்திலேயே கேட்டுவிட்டேன் என்று சொன்னேன். தலையாட்டினார். ஆனால் தாழ்ப்பாளை எடுக்கவில்லை. பெரியவன் எங்கே என்று கேட்டார். ஆபீசில்தான் இருப்பான் என்றேன். போன் போட்டுக் கேள் என்றார். கேட்டேன். மீட்டிங்கில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டான்.

தெருவில் மீன்காரம்மா கூவிக்கொண்டு போனாள். பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்தது. எதிர்க் கடையில் யாரோ சிரித்தார்கள். ஊர் பாட்டுக்கு ஊர் ஓடிக்கொண்டிருந்தது. சலூன்காரர் வந்து கதவைத் தட்டி, "என்னாச்சி ஐயா, பாதியில எழுந்து வந்துட்டீங்களே" என்றார். வருவார், இருப்பா என்று உள்ளேயிருந்தே சொன்னேன். நாங்கள் இரண்டு பேரும் ரேடியோவுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தோம். அவர் கன்னத்து நுரை காய்ந்து வெள்ளையாக உதிர்ந்தது. என் கை அவர் கைக்குள் இருந்தது. எப்போது போய் இருந்தது என்று தெரியவில்லை.

கடைசியில் வீணை நின்றது. நிஷாந்தியின் குரல் தடங்கலுக்கு வருந்துகிறோம் என்றது. சினிமாப் பாட்டு ஆரம்பித்தது. நான் எழுந்து தாழ்ப்பாளில் கை வைத்தேன். லூர்து என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"இரு. இந்தப் பாட்டு முழுசா முடியட்டும்."

உட்கார்ந்தேன்.